ஜெர்பிலுக்குப் பவுடர் வேண்டாம், கழுவிய மணல் போதும்

 

சித்திரைப் புத்தாண்டுக் கைவிசேஷமும் பெருநாள் காசும் முன்பெல்லாம் கிரிக்கட் பந்துக்கும் பட்டத்துக்கும்தான் போகும். இப்போது அந்தக் காசைச் சேர்த்துவைத்து ஹம்ஸ்டர், ஜெர்பில் வாங்குகிற பிள்ளைகள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். மூதூரிலிருந்து சம்பூருக்குப் படிப்பிக்க வந்து போகும் எங்களிடம் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "சேர், இத எதால குளிப்பாட்டுற?"

சின்னக் கேள்விதான். ஆனால் பிள்ளைக்குக் கிடைக்கிற பதில்களைக் கேட்டால் பயமாக இருக்கிறது. ஒருவர் பேபி சோப் என்கிறார், ஒருவர் பவுடர் என்கிறார், வீட்டிலுள்ள மூத்தம்மா அடுப்புச் சாம்பல் என்கிறார். கடைக்காரர் ஒரு பக்கற்றை நீட்டுகிறார். இவற்றில் எதையாவது செய்து அந்தச் சீவன் செத்துப்போனால், "நீதான் ஒழுங்காப் பாக்கல்ல" என்று கடைசியில் பிள்ளைக்குத்தான் பேச்சு விழுகிறது. இது நியாயமில்லை என்று நாங்கள் நினைக்கிறோம். அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

ஜெர்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டக் கூடாது. அதற்குக் குளியல் என்றால் மணல்.

கடைகளில் காணும் ஜெர்பிலின் சொந்த இடம் மொங்கோலியாவும் வட சீனாவும். வறண்ட, குளிர்ந்த புல்வெளி. 1935 இல் பிடிக்கப்பட்ட 20 சோடிகள் ஜப்பானிய ஆய்வுகூடத்துக்குப் போயின. அவற்றின் வழிவந்த சில 1954 இல் அமெரிக்காவுக்குப் போயின. இன்று உலகெங்கும் வீடுகளில் வளர்பவை பெரும்பாலும் அந்தப் பரம்பரைதான். அதன் கண்ணுக்குப் பின்னால் ஒரு சுரப்பி இருக்கிறது. அதிலிருந்து வரும் எண்ணெய்ப்பசையை, முகம் கழுவுவது போல முன்னங்கைகளால் எடுத்து மயிரெல்லாம் பூசிக்கொள்ளும். குளிரையும் ஈரத்தையும் தாங்குவது அந்தப் பசையால்தான். அது கூடிப்போனால் மணலில் புரண்டு உதறிவிடும். நாம் சோப் போட்டுக் கழுவினால் அவ்வளவும் போய்விடும். 60 முதல் 100 கிராம் வரை நிறையுள்ள உடம்பு நனைந்தால் சூட்டைச் சட்டென்று இழந்து நடுங்கத் தொடங்கும். பயம் வேறு.

தண்ணீர் கிடைக்காத இடத்தில் சுத்தமான மண்ணைத் தேடிக்கொள் என்று நமக்குச் சிறுவயதிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். மண் என்றாலே ஊத்தை, வாசம் வந்தால்தான் சுத்தம் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? விளம்பரத்திலிருந்துதான் என்று நாங்கள் சொல்வோம்.

பேபி பவுடர் விடயத்துக்கு வருவோம். பழைய வகைப் பவுடர் டால்க் என்ற கல்லின் தூள். ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனமே டால்க் கலந்த பேபி பவுடரை 2020 இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நிறுத்துவதாக அறிவித்தது, 2023 இல் உலகம் முழுவதும் நிறுத்தியது. 2024 இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் டால்க்கை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் பொருட்களின் வகையில் சேர்த்தது. நம் கைக்குழந்தைக்கே யோசிக்க வேண்டிய ஒன்றை, மூடிய பெட்டிக்குள் மூக்கை நிலத்தோடு வைத்துப் புரளும் பிராணிக்குக் கொட்டலாமா? சோள மாவால் செய்த பவுடர் என்றாலும் மாத்தூள் மாத்தூள்தான். ஈரம் பட்டால் பசையாகிவிடும், பூஞ்சணமும் பிடிக்கும்.

சாம்பல் பற்றி மூத்தம்மா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. கோழி சாம்பலில் புரள்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் கோழி திறந்த வளவில் புரள்கிறது, காற்று தூசைக் கொண்டுபோய்விடும். கூட்டுக்குள் அந்தத் தூசு அங்கேயே சுற்றும். சாம்பலில் ஈரம் சேர்ந்தால் காரமாகித் தோலை எரிக்கும். நெல் ஆலை உமிச் சாம்பலும் வேண்டாம்.

கடைப் பக்கற்றுகளில்தான் எங்களுக்குக் கோபம். பிள்ளை ஒருத்தி கொண்டுவந்து காட்டிய பக்கற்றில் வேறொரு பிராணியின் படம், வேற்று நாட்டு எழுத்து. உள்ளே இருப்பது என்ன என்று தமிழிலும் இல்லை, சிங்களத்திலும் இல்லை. படத்திலிருந்தது சின்சில்லா. தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலையில் வாழும் அதற்கு மா போன்ற எரிமலைத் தூள் ஒத்துவரும். ஜெர்பிலுக்கும் ஹம்ஸ்டருக்கும் அது நெஞ்சுக்குள் போகிற தூசு. கல்சியம் மணல் என்று விற்பதும் நல்லதல்ல, ஈரத்தில் கட்டிபிடிக்கும். பூனை மலம் கழிக்கப் போடும் கட்டியாகும் களிமண், நிறம் ஏற்றியது, வாசம் போட்டது எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள்.

அப்படியானால் நம் மணல்? மணலுக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். கொட்டியாரக் குடாவின் கரை முழுக்க மணல்தான், ஆனால் அதில் உப்பும் சிப்பி உடைசலும் உண்டு. சிப்பி இருக்கிறதா என்று அறிய ஒரு வழி: ஒரு பிடி மணலில் வினாகிரியோ தேசிக்காய்ப் புளியோ விடுங்கள். நுரைத்தால் சிப்பிச் சுண்ணாம்பு இருக்கிறது. புல்மோட்டைப் பக்கத்துக் கறுப்பு மணல் இல்மனைட்டும் வேறு கனியங்களும் சேர்ந்தது, அதுவும் இதற்கு வேண்டாம். 2015 இற்குப் பிறகு மக்கள் திரும்பி வந்து வீடு கட்டிய சம்பூரில் வாசலுக்கு வாசல் மணல் குவியலைக் கண்டிருக்கிறோம். அதில் சீமெந்துத் தூளும் இருக்கும், பூனையும் நாயும் வந்து போயிருக்கும். அப்படியே அள்ளிப் போடக் கூடாது.

நல்லது, சீமெந்து படாத ஆற்று மணல். அரிதட்டால் அரித்துக் கல்லையும் பருமனான பரலையும் எடுத்துவிடுங்கள். வாளியில் போட்டு, கலங்கல் வராத வரைக்கும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இந்தக் கழுவலைத்தான் யாரும் விட்டுவிடக் கூடாது. மணலும் சிலிக்காதானே, அது நெஞ்சுக்குக் கூடாதே என்று ஓர் உம்மா கேட்டார். சரியான கேள்வி. நெஞ்சுக்குள் போவது கண்ணுக்குத் தெரியாத நுண்தூள். பரல் பரலாகக் கைக்குப் படும் மணல் அவ்வளவு தூரம் போகாது. கழுவும்போது போகிற கலங்கலில்தான் அந்தத் தூளும் போகிறது. பிறகு கச்சான் வறுப்பது போல இரும்புச் சட்டியில் ஆவி அடங்கும் வரை வறுத்து, முழுதாக ஆறவிட்டுப் போடுங்கள். கச்சான்காரரிடம் பழைய மணலை வாங்கிவர வேண்டாம், அதில் உப்பும் தோலும் கலந்திருக்கும்.

பாத்திரத்துக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. வெற்றுத் தயிர்ச் சட்டி ஒன்று போதும். பாரமானது, பிரளாது, கடித்தாலும் பிளாஸ்டிக் வயிற்றுக்குள் போகாது. இரண்டு அங்குல உயரத்துக்கு மணல். சில ஜெர்பில்கள் அதையே கக்கூசாக்கிவிடும், அப்போது அடிக்கடி அரித்து மாற்ற வேண்டும்.

விற்கிறவர்களிடம் நாங்கள் கேட்பது பெரிய விடயமல்ல. பிராணியோடு ஒரு துண்டுக் கடதாசி கொடுங்கள்: தண்ணீரில் குளிப்பாட்டாதே, பவுடர் போடாதே, கழுவிய மணல் வை. பக்கற் விற்றால் உள்ளே என்ன என்று தமிழில் ஒட்டுங்கள். பாவனைக்கு வருகிற பாலுக்கும் பிஸ்கட்டுக்கும் கேட்கிற கேள்வியை இதற்கும் பெற்றோர் கேட்கலாம். பதில் தெரியாவிட்டால் அந்தப் பக்கற்றை வாங்காமல் வரலாம்.

ஆசிரியர் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. சுற்றாடல் பாடத்துக்கு இதைவிடச் சுலபமான செயற்பாடு கிடைக்காது. இரண்டு கண்ணாடிக் குவளை, கழுவாத மணல் ஒன்றில், கழுவியது மற்றதில். தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் வித்தியாசத்தைப் பிள்ளையே சொல்லும். அதன் பிறகு எந்தக் கடைக்காரரும் அந்தப் பிள்ளையை ஏமாற்றுவது கஷ்டம்.

மாரி வரப்போகிறது. மழைக்காலக் காற்றில் மணலும் ஈரம் குடிக்கும், ஜெர்பிலின் மயிரும் பிசுபிசுத்துக் குத்திட்டு நிற்கும். இப்போதே ஒரு வாளி மணலைக் கழுவி வறுத்து, இறுக்கமான மூடியுள்ள போத்தல்களில் போட்டு வையுங்கள். மூச்சு விடும்போது டிக் டிக் என்று சத்தம் வந்தால், கண்ணோரம் சிவந்தால், மணலை வெளியே எடுத்துவிட்டு மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். வீட்டில் இழுப்பு வருத்தம் உள்ள பிள்ளை இருந்தால் மணல் அரிக்கிற வேலையை அந்தப் பிள்ளையிடம் கொடுக்காமல், பெரியவர் ஒருவர் முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள்.