பிரேக்குக்கு அடியில போன செருப்பு

நாமக்கல்லுல லாரி ஓட்டுற எங்க மாமா, தொப்பூர் கணவாய் இறக்கத்துல ரப்பர் செருப்பு கழண்டு பிரேக்குக்கு அடியில மாட்டிக்கிட்டதைச் சொன்னப்ப வயித்தைக் கலக்கிடுச்சு. ஏதோ தப்பிச்சார்.

செருப்பு போட்டு ஓட்டினா அபராதம்ங்கிறது வதந்தின்னு 2019-லயே மத்திய அமைச்சர் நிதின் கட்கரி அலுவலகம் சொல்லிடுச்சு. அபராதம் இல்லேன்னா ஆபத்தும் இல்லேன்னு அர்த்தமா?

ஷூ போடுங்கன்னா, "இன்ஜின் சூட்டுல கால் வெந்துடும் மாப்ளே"ங்கிறார். அதுவும் நியாயந்தான். 2025 ஜூன்ல இருந்து தயாராகுற லாரிக்குத்தான் ஏசி கேபின் கட்டாயம். அவரோடது பழசு.

என் கட்சி, பின்னாடி வார் வச்ச சாண்டல். அடிப்பாகம் வழுக்காத ரப்பர், ரொம்பத் தடிமனா வேண்டாம். பெடல் எவ்வளவு அமுங்குதுன்னு காலுக்குத் தெரியணும். சாயங்காலம், கால் லேசா வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து வாங்கணும்.

மாமாவுக்கு ஒரு ஜோடி வாங்கிக் குடுத்தாச்சு. ரப்பர் செருப்பு இனி தாபாவுல குளிக்கப் போறப்ப மட்டும்!