அழுகுரல் வேட்டை

கயோட்டி வேட்டை பழக விரும்பும் அமெரிக்கனுக்கு முதல் பாடம் துப்பாக்கியில் ஆரம்பமாவதில்லை, அழுகையில் ஆரம்பமாகிறது.

கயோட்டி வட அமெரிக்காவின் காட்டுநாய். நம் ஊர் நரிக்கும் ஓநாய்க்கும் நடுவே அதை நிறுத்திப் பார்க்கலாம். அதை வரவழைப்பதற்கென்றே ஒரு மின்சார யந்திரம் விற்கிறார்கள். கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பெட்டி; அதற்குள் ஒலிபெருக்கி; பதிவு செய்து வைத்த நூற்றுக்கணக்கான குரல்கள். பிடிபட்ட முயலின் அலறல், மான்குட்டியின் கதறல், கயோட்டிக் குட்டியின் ஓலம், எல்லாம் இருக்கின்றன. காற்று எந்தத் திசையில் வீசுகிறதென்று பார்த்து, பெட்டியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, புதரோடு புதராக உட்கார வேண்டியது. முதலில் முயலை மெதுவாக அழவிடு. 15, 20 நிமிஷம் பொறுத்திரு. கயோட்டி மோப்பம் பிடிப்பதற்காகக் காற்றின் கீழ்ப்புறமாகச் சுற்றி வரும். அந்த வழியில் கண்ணை வை. ஒன்றும் வரவில்லையா? குட்டியை அழவிடு. இவ்வளவுதான் பாடம்.

இதை ஒரு கலை என்கிறார்கள்! முன்பு மர ஊதலை வாயில் வைத்து ஊதி அழைத்தவனாவது தன் மூச்சைப் பழக்க வேண்டியிருந்தது. முயல் எப்படி அலறும் என்று காட்டில் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. பொத்தானை அமுக்குகிறவன் எதைக் கேட்டான், எதைப் பழகினான்?

நானும் பொய்க் குரலால் பிழைக்கிறவன்தான். நடக்காத துயரத்தை நடந்ததுபோல் சொல்லித்தான் கதாசிரியன் வாசகரை அழைக்கிறான். ஆனால் அழுகுரல் கேட்டு நெஞ்சிளகி வந்தவரை மறைந்திருந்து சுடுவதற்கு நானறிந்த எந்தக் கலையிலும் இடமில்லை.

வேட்டையே கூடாதென்று நான் வாதாட வரவில்லை. வேட்டைக்கென்று ஒரு நியாயம் உண்டென்பதை அமெரிக்கரே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து மற்ற வாத்துகளை ஏமாற்றி இறக்குவதை அவர்களுடைய மத்திய சர்க்கார் 1935-இல் தடை செய்தது. வலசை வரும் பறவைகளைப் பதிவு செய்த குரலால் அழைத்துச் சுடுவதும் அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். மிதமிஞ்சிப் பெருகிவிட்ட பனிவாத்து போன்ற ஓரிரு இனங்களுக்குத்தான் விலக்கு. அதே யந்திரத்தைக் கயோட்டிக்கு எதிரே வைத்தால் பெரும்பாலான மாநிலங்களில் குற்றமில்லை. பல மாநிலங்களில் பருவமும் கிடையாது, இத்தனைதான் என்ற கணக்கும் கிடையாது. வாத்துக்குச் செய்தால் மோசடி, கயோட்டிக்குச் செய்தால் சாமர்த்தியமா? இது எந்த ஊர் தர்மம்?

“கயோட்டி ஆட்டைத் தின்கிறதே!” என்பார்கள். தின்னத்தான் செய்கிறது. ஆட்டைப் பறிகொடுத்தவனின் நஷ்டத்தை நான் லேசாக எண்ணவில்லை. ஆனால் கொன்று குவித்துக் கண்ட பலன் என்ன? 1931-இல் இதற்கென்றே ஒரு சட்டம் செய்தார்கள். பொறி வைத்தார்கள், விஷம் வைத்தார்கள். சர்க்கார் நிலங்களில் அந்த விஷத்தை நிறுத்த 1972-இல் ஜனாதிபதி நிக்ஸன் உத்தரவு போட வேண்டியிருந்தது. இன்றும் மத்திய சர்க்காரின் இலாகா ஒன்று மட்டுமே ஆண்டுக்கு 50,000-க்கும் மேற்பட்ட கயோட்டிகளைக் கொல்லுகிறது. இவ்வளவுக்கும் பிறகு, ஒரு காலத்தில் மேற்குச் சமவெளிகளில் திரிந்த அந்தப் பிராணி ஹவாய் நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் பரவியிருக்கிறது. நியூயார்க் நகரத்துப் பூங்காவில்கூட உலாவுகிறது. அதன் பெரிய பகையான ஓநாயை அழித்து வழிவிட்டவனும் மனிதன்தான்.

கான்னலி, லாங்ஹர்ஸ்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கலிபோர்னியாவில் 1975-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஆண்டுதோறும் நூற்றுக்கு 75 கயோட்டிகளைக் கொன்றுகொண்டே வந்தாலும் அந்த இனம் அற்றுப்போக 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகுமாம். சிலது செத்தால் எஞ்சியதற்கு இரை தாராளமாகக் கிடைக்கிறது. குட்டிகள் அதிகம் பிழைக்கின்றன. அப்படியிருக்க, விடுமுறை நாளில் பெட்டியோடு போய் ஒன்றிரண்டைச் சுட்டுவிட்டு, “ஆட்டுக்காரனைக் காப்பாற்றினேன்” என்று மார்தட்டுவது வெறும் பேச்சு. ஆட்டைக் காக்க வேலி இருக்கிறது. மந்தையோடு வளரும் காவல்நாய் இருக்கிறது. அவற்றைப் பராமரிப்பதற்குத் தினமும் உழைக்க வேண்டும். பொத்தானை அமுக்குவது சுலபம்.

இதில் இன்னொரு வேடிக்கை. குண்டுக்குத் தப்பிய கயோட்டி அந்தக் குரலை மறப்பதில்லை. மறுமுறை அதே ஓலம் கேட்டால் திரும்பிப் போய்விடுகிறது. வேட்டைக்காரர்களே இப்படிப்பட்டதைப் “படித்த கயோட்டி” என்கிறார்கள். படித்ததை ஏமாற்றப் புதிய குரல்களைப் பதிவு செய்து விற்கிறார்கள். ஆக, இந்தப் பள்ளிக்கூடத்தில் உண்மையாகப் பாடம் கற்றது மிருகம் ஒன்றுதான்!

முயல் அலறலுக்கு வரும் கயோட்டி பசியால் வருகிறது. தன் பேராசைக்குத் தானே பலியானது என்றாவது சமாதானம் சொல்லலாம். குட்டியின் ஓலத்துக்கு வருகிறதே, அதற்கு என்ன சமாதானம்? கயோட்டியில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே குட்டிகளை வளர்க்கின்றன. அந்தப் பாசத்தையே தூண்டில் முள்ளாக்கி விலை போட்டு விற்கிறார்கள். அழும் குழந்தையிடம் ஓடுவதுதான் ஓர் உயிரிடம் உள்ள குணங்களில் உயர்ந்தது. ஓடி வந்த குற்றத்துக்காக அதைச் சுடுகிறவன் சுடுவது அந்தக் குணத்தையே.

கலிபோர்னியா 2014-இல் கயோட்டியைக் கொன்றதற்குப் பரிசு கொடுக்கும் போட்டிகளைத் தடுத்தது. வெர்மான்ட் 2018-இலும், நியூ மெக்ஸிகோ 2019-இலும் அத்தகைய போட்டிகளைத் தடை செய்தன. நல்ல காரியம். ஆனால் போட்டி போனாலும் பெட்டி இருக்கிறது. புதிய தத்துவம் எதுவும் வேண்டாம். வாத்துக்கு எழுதிய சட்டத்தில் கயோட்டியின் பெயரையும் சேர்த்தால் போதும். வேட்டைக்காரன் காட்டுக்குப் போகட்டும். ஆனால் குழந்தையின் அழுகையை வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும்.