கீமோவுக்குப் பின் காய்ச்சலா?

எங்கள் கோடம்பாக்கம் எதிர் வீட்டு அம்மாள் அடையாறு கான்சர் இன்ஸ்டிட்யூட்டில் கீமோ எடுத்துக்கொள்கிறவர். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய ஆஸ்பத்திரி. போன மாதம் அவருக்கு ராத்திரி 101 டிகிரி காய்ச்சல். "பாராசிட்டமால் போட்டுட்டுக் காலையில போகலாமாக்கா?" என்றாள் மருமகள். "வேணாம்மா, இப்பவே கிளம்பு" என்றேன்.

மறுநாள் அவளுக்கு இன்னொரு சந்தேகம். "எதுக்குக்கா இத்தனை ரத்தம் எடுக்கறாங்க?"

கேட்க வேண்டிய கேள்விதான். கீமோ மருந்து கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடுகிறது. நியூட்ரோஃபில் என்ற வகை 500-க்குக் கீழே போனால் சீழ்கூடச் சரியாகப் பிடிக்காது. பல சமயம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். ஆனால், கட்டியாலும் காய்ச்சல் வரலாம், ரத்தம் ஏற்றினாலும் வரலாம். எதனால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிளட் கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாளாகிவிடும். அதனால்தான் சி.ஆர்.பி., புரோகால்சிடோனின் இரண்டையும் பார்க்கிறார்கள். முன்னது கட்டி இருந்தாலே ஏறி நிற்கக்கூடும். பின்னது பாக்டீரியா தாக்கிய சில மணி நேரத்தில் ஏறும். வைரஸ் காய்ச்சலில் அவ்வளவாக ஏறாது.

ஆனாலும் சகோதரிகளே, அளவு குறைவு என்பதால் கிருமியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆகவே ரிசல்ட்டுக்குக் காத்திராமல், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போடப் பார்ப்பார்கள்.

கீமோ நடக்கிற வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கட்டும். 101 ஒரு தடவை காட்டினாலும், 100.4 ஒரு மணி நேரம் நீடித்தாலும் பஸ்ஸுக்கு நிற்காதீர்கள்; ஆட்டோ பிடியுங்கள். கடைசி கீமோ தேதி எழுதிய சீட்டும் கையில் இருக்கட்டும்.