வருவதற்கு ராஜபாட்டை, போவதற்கு முள்வேலி!

வெளிநாடுகளில் உழைக்கும் இந்தியர்கள் தாய்நாட்டுக்கு அனுப்பும் பணத்தைப் பற்றி மத்திய சர்க்கார் பெருமை பேசாத நாளில்லை. பேசுவதற்கு விஷயமும் இருக்கிறது. 2024-25ம் நிதியாண்டில் மட்டும் இவ்வாறு வந்து சேர்ந்த தொகை 13,546 கோடி டாலர். உலகில் வேறெந்த நாட்டுக்கும் இவ்வளவு பணம் வருவதில்லை. அதே ஆண்டில் அந்நிய முதலாளிகள் நம் நாட்டில் போட்ட நேரடி மூலதனம், அவர்கள் திருப்பி எடுத்துச் சென்றதைக் கழிக்காமல் கணக்கிட்டாலும், சுமார் 8,100 கோடி டாலர்தான். அந்நிய முதலாளிக்கு ரத்தினக் கம்பளம், வரிச்சலுகை, நிலம், தண்ணீர், மந்திரிகளின் வரவேற்பு. அவனைவிட அதிகமாக நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்து கொட்டும் உழைப்பாளிக்கு என்ன மரியாதை?

இந்தப் பணத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் தமிழ்நாட்டுக்கு வருவதாக 2023-24ம் ஆண்டுக்கான ரிசர்வ் பாங்கின் ஆய்வு கூறுகிறது. மகாராஷ்டிரத்துக்கும் கேரளத்துக்கும் அடுத்தபடியாக நிற்பது நம் மாநிலம். சிங்கப்பூர்க் கட்டடங்களில் சாரம் ஏறுகிறவனும், துபாய் வெயிலில் தார் ஊற்றுகிறவனும், குவைத்தில் அந்நியர் வீட்டுக் குழந்தையைத் தூக்கி வளர்க்கிற நம் சகோதரியும் இந்தக் கணக்குக்குள் இருக்கிறார்கள்.

வருகிற பணத்தின் கதை இது. போகிற பணத்தின் கதை என்ன? ஊரிலிருக்கும் தாய், வெளிநாட்டில் தவிக்கும் மகனுக்குப் பணம் அனுப்ப வேண்டி வந்தால் என்ன நடக்கிறது? இதைப் பற்றி எந்த மந்திரியும் பேசுவதில்லை. ஆகவே நாம் பேசுகிறோம்.

ஏன் அனுப்ப வேண்டியிருக்கிறது?

“சம்பாதிக்கப் போனவனுக்கு இங்கிருந்து எதற்குப் பணம்?” என்று சிலர் கேட்கலாம். கிராமத்து ஜனங்களுக்கு இந்தக் கேள்விக்கான பதில் நன்றாகத் தெரியும். வேலை விசா என்று சொல்லி ஏஜெண்டு சுற்றுலா விசாவில் ஏற்றி அனுப்பி விடுகிறான். இறங்கிய இடத்தில் வேலையும் இல்லை, கம்பெனியும் இல்லை. கம்பெனி இருந்தாலும் நாலைந்து மாதம் சம்பளம் தராமல் இழுத்தடிக்கிறான் முதலாளி. பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்துக் கொள்கிறான். விசா காலம் முடிந்தபின் ஒவ்வொரு நாளும் அபராதம் ஏறுகிறது. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தால் ஆஸ்பத்திரிச் செலவு. கடைசியில் ஊர் திரும்ப விமான டிக்கெட்டுக்கு வழியில்லை. அப்போதுதான் வீட்டுக்குத் தகவல் வருகிறது: “எப்படியாவது பணம் அனுப்புங்கள்.”

ஏற்கெனவே அந்த வீடு கடனில் மூழ்கிக் கிடக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் ஏஜெண்டு ஒரு தொழிலாளியிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதன் மீதான ஜி.எஸ்.டி. வரியும் மட்டுமே வாங்கலாம் என்பது சட்டம். லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். அந்த லட்சத்துக்காக வைத்த அடகு மீளவில்லை, வட்டி நிற்கவில்லை. இப்போது கழுத்தில் மிஞ்சியதும் கழற்றப்படுகிறது. அக்காலத்தில் இலங்கைத் தோட்டத்துக்கும் மலேயாவுக்கும் ஆள் பிடித்துச் சென்ற கங்காணி, முன்பணம் என்ற கயிற்றால் நம் மக்களைக் கட்டினான். கப்பல் போய் விமானம் வந்தது. கங்காணி போய் ஏஜெண்டு வந்தான். கயிறு மட்டும் அப்படியே இருக்கிறது.

ஒருவழிப் பாதை

நகையை விற்றுப் பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தத் தாய் எங்கே போவாள்? வழக்கமாக மகன் அனுப்பும் பணத்தை அவள் வாங்குகிற கடைத்தெரு அலுவலகத்துக்குத்தான் முதலில் போவாள். “இங்கே வாங்கத்தான் முடியும், அனுப்ப முடியாது” என்று அங்கே சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. ரிசர்வ் பாங்கின் பணமாற்றச் சேவைத் திட்டம் உள்ளே வரும் பணத்துக்கு மட்டுமே ஏற்பட்டது. ஒரு தடவைக்கு 2,500 டாலர் வரை, ஆண்டுக்கு 30 தடவை வரலாம். 50,000 ரூபாய் வரை ரொக்கமாகவே கையில் கொடுப்பார்கள். அந்தப் பாதையில் இங்கிருந்து ஒரு டாலர் கூட வெளியே போக முடியாது.

பிறகு பாங்குக்குப் போக வேண்டும். எல்லாக் கிளைகளிலும் அந்நியச் செலாவணி வேலை நடப்பதில்லை. பெரிய ஊருக்குப் போகச் சொல்வார்கள். அங்கே படிவம், நிரந்தரக் கணக்கு எண், உறவுக்கு அத்தாட்சி. இத்தனையும் முடிந்தால் பாங்கின் கட்டணம். கட்டணத்தின் மீது ஜி.எஸ்.டி. நாணயம் மாற்றுவதன் மீது இன்னொரு ஜி.எஸ்.டி. மாற்று விகிதத்தில் பாங்கு வைத்துக்கொள்ளும் லாபம், ரசீதில் தனியாகத் தெரியாதது. வழியிலுள்ள இடைத்தரகு பாங்கும் தன் பங்கைக் கழித்துக்கொள்ளும். போய்ச் சேருகிற பாங்கும் கழிக்கும்.

இந்தக் கட்டணங்களின் சூட்சுமத்தைத் தொழிலாளர்கள் புரிந்துகொள்ள வேண்டும். இவற்றில் பல, தொகை பெரிதானாலும் சிறிதானாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக் கொள்வோம். பத்து லட்சம் ரூபாய் அனுப்புகிறவனுக்கு அது நூறு ரூபாய்க்குப் பத்துக் காசு. பத்தாயிரம் அனுப்பும் தாய்க்கு நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய்! பணக்காரனைவிட நூறு மடங்கு சுமையை ஏழையின் தலையில் ஏற்றும் ஏற்பாடு இது.

போதாக்குறைக்கு ரூபாயின் சரிவு. 1966ம் ஆண்டு ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது ஒரு டாலருக்கு 7 ரூபாய் 50 காசு என்றாயிற்று, நாடே கொதித்தது. 2025 டிசம்பரில் ஒரு டாலர் 90 ரூபாயைத் தாண்டிவிட்டது. அங்கே கட்ட வேண்டிய அபராதமும் ஆஸ்பத்திரிச் செலவும் அந்நாட்டு நாணயத்தில். அடகு வைத்துக் கிடைப்பதோ ரூபாயில். ரூபாய் சரியச் சரிய, அதே அபராதத்துக்கு இன்னும் ஒரு கிராம் தங்கம் கூடுதலாகப் போகிறது.

யாருக்காகத் திறந்த கதவு?

அந்நியச் செலாவணியைக் கட்டிக் காக்கத்தான் இவ்வளவு கட்டுப்பாடு என்று அதிகாரிகள் சொல்வார்களானால், நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். 2004ம் ஆண்டில் ஒரு திட்டம் கொண்டுவந்தீர்கள். தனிநபர் ஒருவர் ஆண்டுக்கு 25,000 டாலர் வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்றீர்கள். இன்று அது 2,50,000 டாலர். ஒரு டாலர் 90 ரூபாய் என்று பார்த்தாலும் இரண்டேகால் கோடி ரூபாய்! வயது வராத குழந்தையின் பெயரிலும் அனுப்பலாம். நால்வர் உள்ள குடும்பம் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலரைச் சட்டப்படி வெளியே கொண்டுபோகலாம். அதைக் கொண்டு லண்டனில் வீடு வாங்கலாம், நியூயார்க்கில் பங்கு வாங்கலாம்.

2024-25ம் ஆண்டில் இத்திட்டத்தின் கீழ் 2,956 கோடி டாலர் நாட்டை விட்டுப் போயிற்று. அதில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பயணச் செலவு. கடன் வாங்கிப் பிள்ளையைப் படிக்க அனுப்பிய நடுத்தரக் குடும்பங்களும் இத்திட்டத்தில்தான் பணம் அனுப்புகின்றன. அவர்கள் மீது நமக்குக் குறையில்லை. நாம் சொல்வது இதுதான்: இரண்டேகால் கோடி அனுப்புகிறவனுக்கும் பத்தாயிரம் அனுப்புகிறவளுக்கும் ஒரே வாசல் என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. முன்னவனின் வீட்டுக்குப் பாங்கு அதிகாரியே படிவத்தோடு வருகிறார். பின்னவள் வரிசையில் நின்று திரும்புகிறாள்.

வாசலில் திரும்பியவள் வேறு வழியின்றி உண்டியல்காரனிடம் போகிறாள். ஒரு தொலைபேசிப் பேச்சில் வேலை முடிகிறது. மாலைக்குள் மகன் கையில் பணம். ஆனால் 1999ம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டப்படி அது குற்றம். பணம் மறைந்தால் கேட்க நாதியில்லை; விசாரணை வந்தால் அவளும் பதில் சொல்ல வேண்டும். உண்டியல் வியாபாரத்தை நாம் ஆதரிக்கவில்லை. கறுப்புப் பணக்காரர்களுக்குக் குகைப்பாதை அது. ஆனால் நேர்மையான ஏழையை அந்தக் குகைக்குள் தள்ளியது யார்? நேர்வழியை அடைத்தவர்கள்தான்.

உலகம் முழுவதும் இதே கொள்ளை

இது இந்தியாவின் தனிக்கதை அல்ல. 2024ம் ஆண்டில், பின்தங்கிய மற்றும் நடுத்தர வருமான நாடுகளுக்குப் புலம்பெயர்ந்த உழைப்பாளிகள் அனுப்பிய பணம் சுமார் 68,500 கோடி டாலர் என்று உலக பாங்கு மதிப்பிட்டது. 200 டாலர் அனுப்பினால் சராசரியாக ஆறு சதவிகிதத்துக்கு மேல் வழியிலேயே போய்விடுகிறது என்பதும் அதன் கணக்கே. 2030க்குள் இதை மூன்று சதவிகிதத்துக்குக் கீழே கொண்டுவருவதாக 2015ல் ஐக்கிய நாடுகள் சபையில் எல்லா அரசாங்கங்களும் கையெழுத்திட்டன. 68,500 கோடியில் ஒரு சதவிகிதம் என்றால் 685 கோடி டாலர். அந்த ஒரு சதவிகிதத்தை விட்டுக்கொடுக்க பாங்கு முதலாளிகளுக்கு மனமில்லை.

ஏகாதிபத்திய அமெரிக்காவோ ஒருபடி மேலே போயிற்று. வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு ஐந்து சதவிகிதம் வரி என்று 2025ல் பேச்சைத் தொடங்கி, கடைசியில், ரொக்கமாகவும் மணியார்டராகவும் கொடுத்து அனுப்புவதற்கு ஒரு சதவிகிதம் என்று சட்டமாக்கி, 2026 ஜனவரி 1 முதல் அமலாக்கியது. பாங்குக் கணக்கிலிருந்து அனுப்புகிறவனுக்கு வரி இல்லை. ரொக்கத்தை நம்பி வாழும் கூலிக்காரனுக்கு வரி! மூலதனம் எல்லை தாண்டினால் அதற்குப் பெயர் சுதந்திரம். உழைப்பாளியின் கூலி எல்லை தாண்டினால் அதற்குச் சுங்கச்சாவடி.

முடியாத காரியமா?

மாற்று வழி இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. 2023 பிப்ரவரி 21ந் தேதி இந்தியாவின் யு.பி.ஐ.யும் சிங்கப்பூரின் பே-நௌவும் இணைக்கப்பட்டன. நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரை, உறவினர் பராமரிப்புக்கும் அன்பளிப்புக்குமாக, இங்கிருந்தும் அங்கே அனுப்பலாம் என்றாயிற்று. இங்கிருந்து அனுப்பும் வசதியை முதலில் அளித்த நான்கு பாங்குகளில் மூன்று பொதுத்துறை பாங்குகள். அவற்றில் இரண்டு, 1969ல் தேசியமயமாக்கப்பட்ட இந்தியன் பாங்கும் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கும், நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டவை. 1937ல் தொடங்கிய அன்றே ரங்கூனிலும் கிளை திறந்தது ஓவர்சீஸ் பாங்கு. பொதுத்துறை பாங்குகளைத் தனியாருக்கு விற்கத் துடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சிங்கப்பூருக்குத் திறந்த கதவை வளைகுடாவுக்குத் திறக்க முடியாதா? 2023 ஜூலையில் ஐக்கிய அரபு அமீரகத்தின் மத்திய பாங்கோடு இதே மாதிரி இணைப்புக்கு ரிசர்வ் பாங்கு ஒப்பந்தம் செய்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது எடுத்த புகைப்படம் தொழிலாளியின் பசியைத் தீர்க்காது. ஓமனிலும் கத்தாரிலும் குவைத்திலும் சவூதியிலும் மலேசியாவிலும் உள்ள கடைசித் தொழிலாளிக்கும் எட்டும் வரை இது ஓயக்கூடாது.

வேலையிழந்தவனுக்குப் பாங்குக் கணக்கே இல்லாமல் போகலாம். அவனுக்கு இந்தியத் தூதரகம்தான் பாங்கு. 2009ல் ஏற்பட்ட இந்திய சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. தூதரகங்களில் பாஸ்போர்ட் முதலிய வேலைகளுக்கு வெளிநாட்டு இந்தியர்கள் கொடுக்கும் கட்டணத்திலிருந்து சேருகிற பணம் அது. தவிப்பவர்களுக்கு உணவு, தங்குமிடம், விமானக் கட்டணம், சட்ட உதவி ஆகியவற்றுக்கென்றே உள்ள பணம். யாருடைய தர்மமும் அல்ல, தொழிலாளியின் சொந்தப் பணம்.

2024 ஜூன் 12ந் தேதி குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்தது. நாற்பதுக்கு மேற்பட்ட இந்தியத் தொழிலாளிகள் மாண்டனர். அவர்களில் எழுவர் தமிழ்நாட்டவர். இரண்டே நாளில் விமானப்படை விமானம் அவர்களது உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. செய்ய வேண்டியதைச் செய்தார்கள். உயிரற்ற உடல்களுக்கு இரண்டு நாளில் வழி செய்ய முடிந்த சர்க்காருக்கு, உயிரோடு தவிக்கிறவனிடம் பத்தாயிரம் ரூபாய் போய்ச் சேர வழி செய்ய முடியாதா?

ஆகவே நாம் கோருகிறோம்:

வெளிநாட்டில் தவிக்கும் தொழிலாளிக்குக் குடும்பத்தார் அனுப்பும் சிறு தொகைக்கு எல்லாக் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் ரத்தாக வேண்டும். இங்கே அஞ்சல் நிலையத்திலோ பொதுத்துறை பாங்கிலோ ரூபாயாகக் கட்டினால், அங்கே தூதரகத்தில் அந்நாட்டு நாணயமாகக் கிடைக்கும் ஏற்பாட்டை, பாமர ஜனங்களுக்கும் தெரியும்படி தமிழில் விளம்பரப்படுத்தி நடத்த வேண்டும். மாற்று விகிதத்தில் எவ்வளவு லாபம் எடுக்கப்படுகிறது என்பதை ரசீதில் அச்சிட வேண்டும். சமூக நல நிதியின் வரவு செலவை ஒவ்வொரு நாட்டிலும் தொழிலாளர் முன் வைக்க வேண்டும். மோசடி ஏஜெண்டு வாங்கிய பணத்தை வட்டியோடு பறித்துக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும்.

கேரளத்தில் 1996ல் இடது ஜனநாயக முன்னணி அரசாங்கம் வெளிநாடு வாழ் கேரளியருக்கென்று தனி இலாகா ஏற்படுத்தியது. 2008ல் அவர்களுக்கு நலச் சட்டமும் பென்ஷனும் வந்தன. தமிழ்நாட்டிலும் அயலகத் தமிழருக்கென்று துறையும் வாரியமும் உள்ளன. பலகையில் பெயர் இருந்தால் போதாது. மாவட்டந்தோறும் ஒரு மேஜை, ஓர் ஊழியர், ஒரு தொலைபேசி வேண்டும். நள்ளிரவில் தகவல் வந்த தாய் காலையில் போய் நிற்க ஓர் இடம் வேண்டும்.

தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் மாதர் சங்கங்களும் இக்கோரிக்கைகளைக் கையிலெடுக்க வேண்டும். தஞ்சை, புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் வெளிநாடு போனவர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. அந்தத் தெருக்களில் கையெழுத்து வாங்குவோம். பாங்கு வாசலிலும் கலெக்டர் அலுவலக வாசலிலும் அவற்றை வைப்போம். உழைப்பாளி அனுப்பும் பணத்தை வாங்கக் கை நீட்டும் அரசாங்கம், அவன் கை நீட்டும்போது முகத்தைத் திருப்ப அனுமதியோம்!