வழி சொல்றவரே வழியை மறைச்சா?



பாண்டி பஜார்ல இறங்கி "ரங்கநாதன் தெரு எங்கண்ணே?"னு கேட்கிறீங்க. ஆட்டோக்காரர் "அப்படி ஒரு தெருவே இல்லை"ங்கிறார். தெரு அங்கேயேதான் இருக்கு, உங்களாலதான் போக முடியாது. இணையத்தில் இப்படி வழி சொல்ற வேலைதான் டிஎன்எஸ். நீங்க தட்டுற தளத்தின் பெயரை எண் முகவரியா மாத்தித் தரும். நீங்க எந்தத் தளத்தைத் தேடினீங்கன்னும் அதுக்குத் தெரியும்.

கூகுளுக்கு 8.8.8.8 இருக்கிற மாதிரி, ஒன்றிய அரசின் தேசிய தகவலியல் மையத்துக்கு 1.10.10.10. "வெளிநாட்டுக் கம்பெனியை நம்புவீங்க, நம்ம அரசை நம்ப மாட்டீங்களா?"னு பாஜக நண்பர்கள் கேட்பாங்க. கூகுளையும் கண்ணை மூடி நம்பச் சொல்லல. ஆனா கூகுளால உங்க வீட்டு வாசலுக்குப் போலீஸ் அனுப்ப முடியாது.

2025 பிப்ரவரி ஞாபகம் இருக்கா? டிரம்ப் பக்கத்தில் மோடி கைவிலங்கோடு உட்கார்ந்திருக்கும் ஒரு கார்ட்டூன். 15-ஆம் தேதி அண்ணாமலை புகார் கொடுத்தார். அன்னைக்கு ராத்திரியே பலருக்கு விகடன் தளம் திறக்கல. ஒரு படத்துக்காக மொத்தத் தளமும்! படத்தை எடுத்துட்டா தளத்தைத் திறக்கணும்னு சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது மார்ச் 6-ல்தான்.

அப்போகூட சில நெட்வொர்க்கில் தளம் திறந்தது, சிலதில் திறக்கல. காரணம், வழி சொல்றவங்க பல பேர். நாளைக்கு எல்லா ஃபோனும் ஒன்றிய அரசின் டிஎன்எஸ்ஸை மட்டுமே கேட்கணும்னு ஆனா, யாருக்கும் உத்தரவு அனுப்ப வேண்டாம். டெல்லியில் ஒரு வரியை மாத்தினா போதும். மயிலாப்பூர்லயும் அடையாறுலயும் நாம "நெட் ஸ்லோ"ன்னு நினைச்சுக்குவோம்.

கேள்வி கேட்கலாமா? 2009 தளமுடக்க விதிகள், புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமா வைக்கச் சொல்லுது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தன் அமைப்புகளுக்கு விலக்கு தர ஒன்றிய அரசுக்கே அதிகாரம் கொடுக்குது. பூட்டும் அவங்ககிட்ட, சாவியும் அவங்ககிட்ட!

அரசு டிஎன்எஸ் நடத்தட்டும், வேண்டாம்னு சொல்லல. ஆனா மூணு விஷயம் சட்டத்தில் இருக்கணும்:

👉 யாருக்கும் கட்டாயம் கூடாது.
👉 முடக்கிய தளங்களின் பட்டியலை, காரணத்தோடு வெளியிடணும்.
👉 யார் எதைத் தேடினாங்கங்கிற பதிவு, நீதிமன்ற உத்தரவு இல்லாம யார் கைக்கும் போகக் கூடாது.

இதில் எதை மறுத்தாலும், அவங்க கட்டுறது வழிகாட்டிப் பலகை இல்ல, சோதனைச் சாவடி.

படிச்சதோட நிறுத்தாதீங்க. உங்க தெரு வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்புங்க!

#இணையம்_நம்_உரிமை