மலிவு எது என்று நாள் கணக்கு சொல்லும்

ரீசார்ஜ் போடும்போது நம் கண் முதலில் போவது விலைக்கு. எத்தனை நாள் என்பது அப்புறம்தான். நிறுவனங்கள் 28 நாளை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதன் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை என்று நினைத்துக்கொண்டு ஆண்டுக்கு 13 முறை கட்டுகிறோம். 2024 ஜூலை கட்டண உயர்வில், தினம் 1.5 ஜிபி தரும் ஜியோவின் 28 நாள் திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது. 13 முறை போட்டால் 3,887 ரூபாய். அந்தப் பதின்மூன்றாவது 299 பலருடைய வீட்டுக் கணக்கில் வருவதே இல்லை. 30 நாள் திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. ஆனால் 30 நாள் என்பதாலேயே ஒரு திட்டம் மலிவாகிவிடாது. விலையை நாளால் வகுத்துப் பார்ப்பதுதான் சரியான அளவுகோல்.

அதைவிடப் பெரிய விரயம், பயன்படுத்தாத டேட்டாவுக்குக் கொடுக்கும் காசு. தினசரி டேட்டாவில் மிஞ்சியது பெரும்பாலும் நள்ளிரவோடு போய்விடும். வைஃபை உள்ள வீட்டில் பட்டன் போன் வைத்திருக்கும் தாத்தாவுக்கும் கல்லூரி போகும் பேரனுக்கும் ஒரே திட்டத்தைப் போடுவதில் என்ன நியாயம்? டேட்டா இல்லாமல், பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் திட்டம் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. அதையடுத்து 2025 ஜனவரியில் ஏர்டெல் 84 நாளுக்கு 469 ரூபாய், ஓராண்டுக்கு 1,849 ரூபாய் என்று அறிவித்தது. முதலாவது நாளுக்கு 5 ரூபாய் 58 காசு. இரண்டாவது 5 ரூபாய் 7 காசு. மேலே சொன்ன 299 ரூபாய்த் திட்டமோ நாளுக்கு 10 ரூபாய் 68 காசு. விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். வகுத்தல் கணக்கு மாறாது.

அன்றாடக் கூலியில் வாழ்பவர் 1,849 ரூபாய்க்கு எங்கே போவார் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான்; கையில் காசில்லாதவரிடம் கூடுதலாக வாங்கும் ஏற்பாடு இது. அவருக்கு 84 நாள் திட்டமே ஓரளவு கைக்கெட்டும். வசதி உள்ளவருக்கும் ஓராண்டுத் திட்டம் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கத் தக்கதல்ல. சிக்னல் சரியில்லை என்று நடுவில் வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றினால், மீதி நாட்களுக்குக் கட்டிய பணம் அவ்வளவுதான். இன்றைக்கு டேட்டா இல்லாமல் முடியுமா என்பது அடுத்த கேள்வி. வெளியில் யுபிஐ-யில் பணம் கொடுப்பவருக்கு முடியாதுதான். பேச்சுத் திட்டம் எல்லோருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் ஒருவருக்காவது அது போதும் என்பதே வாதம்.

எல்லாவற்றையும் வாடிக்கையாளரே வகுத்துப் பார்க்க வேண்டும் என்பதும் சரியில்லை. கடையில் வாங்கும் பொட்டலத்தில் கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்று அச்சிடச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு ரீசார்ஜ் திட்டத்தின் பக்கத்திலும் நாளுக்கு எவ்வளவு என்று போடும்படி டிராய் உத்தரவிட வேண்டும். அதுவரை, கடைக்காரர் சொல்லும் முதல் திட்டத்துக்குத் தலையாட்டாமல், டேட்டா இல்லாத திட்டம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.