ஆவணப் படத்தில் ஆள் தோன்ற வேண்டுமா?

ஊரில் வெள்ளம் வருகிறது. செல்போன் வைத்திருப்பவர்கள் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். படத்தில் முதலில் தெரிவது யார் முகம்? படம் பிடித்தவரின் முகம்! வீட்டை இழந்த மூதாட்டி அவருக்குப் பின்னால் நிற்கிறாள். அவள் பேசவே இல்லை.

உண்மைச் சம்பவங்களைக் காட்டும் ஆவணப் படங்களிலும் இந்தக் கேள்வி உண்டு. விளக்கம் சொல்ல ஒருவர் படத்தில் தோன்ற வேண்டுமா? வேண்டாமா?

மூன்று படங்களைப் பார்ப்போம்.

முதுமலை யானைக் குட்டி

2023-ம் ஆண்டு மார்ச் மாதம் "தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்" என்ற படத்துக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. நீலகிரி மாவட்டம் முதுமலையில் எடுத்த படம் அது. சுமார் 40 நிமிடம் ஓடுகிறது. இயக்கியவர் கார்த்திகி கொன்சால்வெஸ்.

தாயைப் பிரிந்த ரகு என்ற யானைக் குட்டியைப் பொம்மனும் பெள்ளியும் வளர்க்கிறார்கள். பிறகு ரகு வேறு ஒருவரின் பொறுப்புக்குப் போய்விடுகிறான். பெற்ற பிள்ளையைப் பிரிந்தது போல இருவரும் கலங்குகிறார்கள்.

படத்தில் இயக்குநர் தோன்றவில்லை. வெளியூர் அறிஞர் யாரும் வந்து விளக்கவில்லை. பொம்மனும் பெள்ளியுமே தங்கள் கதையைச் சொல்கிறார்கள். நடுவே ஒருவர் நின்று, "இவர்கள் வருந்துகிறார்கள்" என்று சொல்லியிருந்தால், அந்தத் துயரம் நம் நெஞ்சைத் தொட்டிருக்குமா?

கொரில்லா நடுவே மனிதர்

அப்படியானால் ஆள் தோன்றவே கூடாதா? அப்படியும் சொல்ல முடியாது.

1979-ம் ஆண்டு "லைப் ஆன் எர்த்" என்ற தொடர் டெலிவிஷனில் வந்தது. அதில் டேவிட் அட்டன்பரோ, ஆப்பிரிக்காவில் உள்ள ருவாண்டா நாட்டுக் காட்டில் கொரில்லாக்களின் நடுவே இருந்தார். குட்டிகள் அவர் மீது ஏறி விளையாடின!

கொரில்லா கொடிய மிருகம் என்று பலர் நினைத்திருந்தார்கள். "இல்லை, அது சாதுவானது" என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? கொரில்லாவுக்குப் பேச வாய் இல்லை. அதன் பக்கத்தில் அச்சம் இல்லாமல் இருந்த மனிதரே சாட்சி ஆனார்.

சாட்சி தவறினால்?

இதில் ஓர் ஆபத்தும் உண்டு.

2004-ம் ஆண்டு வந்த படம் "சூப்பர் சைஸ் மீ". அமெரிக்கரான மார்கன் ஸ்பர்லாக், 30 நாள் மூன்று வேளையும் மெக்டொனால்டு கடை உணவையே சாப்பிட்டார். எடை சுமார் 11 கிலோ கூடியது. ஈரல் பாதிக்கப்பட்டதாக டாக்டர்கள் சொன்னார்கள். படம் உலகமெங்கும் ஓடியது.

2017-ம் ஆண்டு அவரே ஓர் உண்மையை வெளியிட்டார். தனக்கு நீண்டகாலமாகக் குடிப்பழக்கம் உண்டு என்றார். உடனே கேள்வி எழுந்தது. ஈரலைக் கெடுத்தது உணவா? மதுவா?

ஆளை நம்பிப் படம் எடுத்தால், ஆளோடு படமும் விழுந்துவிடும்!

யார் பேச வேண்டும்?

முடிவு இதுதான். பட்டவர்கள் பேச முடிந்தால், அவர்களே பேசட்டும். வாயில்லாத உயிருக்காகப் பேச வேண்டும் என்றால், அங்கே ஒருவர் தோன்றட்டும். அவர் உண்மையைச் சொல்பவராக இருக்க வேண்டும். தன் முகத்தைக் காட்டுவதற்காக மட்டும் யாரும் தோன்ற வேண்டாம்.

நீங்கள் செல்போனில் படம் எடுக்கும்போதும் இதை எண்ணிப் பாருங்கள். அந்த மூதாட்டியை முன்னால் வரச் சொல்லுங்கள். சொல்ல வேண்டியது அவளிடம் இருக்கிறது.